லதாவா, இணைமதியா, நோட்டோவா: பல கணினி ஏறி இறங்கும் கோப்புக்கு எந்த எழுத்துரு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப் பட்டணத்தில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்ட அறிவிப்பு எத்தனை கணினி ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி அலுவலகத்தில் விண்டோஸ். செயலாளர் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகளின் மேக்புக். ஆலய நிர்வாக அறையில் பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் யாராவது உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளக் கணக்கு இருப்பதால் பாதிப் பேர் கூகுள் டாக்ஸில் திறப்பார்கள். கடைசியில் போட்டோஸ்டேட் கடை. அதற்குள் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் கைப்பேசியில் பார்த்து முடித்திருப்பார்கள்.

இந்தப் பயணத்தில் கெடுவது மூன்று விதம். ஒன்று, ஒரே பக்கத்தில் அடங்கியிருந்த அறிவிப்பு கடையில் திறக்கும்போது நீண்டு, தலைவரின் கையொப்பக் கோடு மட்டும் இரண்டாம் பக்கத்தில் போய் விழும். இரண்டு, மலாய்ப் பகுதி அப்படியே இருக்க, தமிழ்ப் பகுதி மட்டும் அளவும் அழகும் மாறி நிற்கும். மூன்று, பழைய கோப்பாக இருந்தால் தமிழே காணாமல் போய் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பார்ப்பவர் மூன்றையும் 'எழுத்துரு பிரச்சினை' என்றுதான் சொல்வார். ஆனால் முதலாவது பெரும்பாலும் எழுத்துரு இல்லாததால் வருவது. இரண்டாவது வேர்டின் அமைப்பில் இருப்பது. மூன்றாவது எழுத்துருவே அல்ல, குறியீட்டு முறை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி எந்த எண்ணை வைத்துக்கொள்கிறது என்பது. ஒன்றுக்குரிய மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் வேலை இரட்டிப்பாகும்.

எந்த எழுத்துரு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: கோப்பு யார் கைக்குப் போகிறதோ அவர் அதைப் படிக்கப் போகிறாரா, திருத்தப் போகிறாரா? பதில் 'படிக்க' என்றால் முடிவு எளிது. 'திருத்த' என்றால்தான் எழுத்துருத் தேர்வே தொடங்குகிறது.

படிக்க மட்டும் என்றால்

பிடிஎஃப். இதில் விவாதத்துக்கு அதிகம் இல்லை. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துருவின் தேவையான வடிவங்கள் கூடவே போவதால், எதிர்முனையில் லதா இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. கைப்பேசியிலும் அதே வரி, அதே பக்கம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எழுத்துரு உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறதா? அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் ப்ராப்பர்டீஸ், அதில் ஃபான்ட்ஸ் பக்கம். ஒவ்வொரு எழுத்துருப் பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லையென்றால், வேர்டில் பிடிஎஃப் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி பிடிஎஃப்/ஏ என்ற குறியைப் போடுங்கள் (பழைய வேர்டில் இது ஐஎஸ்ஓ 19005-1 என்ற பெயரில் இருக்கும்). எல்லா எழுத்துருவும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் கட்டாய விதி.

பிடிஎஃப்பை மூலக்கோப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் 'கொ' என்று கண்ணுக்குத் தெரிவது கொம்பு, ககரம், கால் என்ற வரிசை; கோப்பில் சேமிக்கப்படுவதோ ககரம் முதலில், அதற்குப் பின் உயிர்க்குறி. பிடிஎஃப் தெரியும் வடிவங்களின் வரிசையைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது. அதனால் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்புகள் இடம்மாறி, புள்ளிவட்டங்களோடு சிதறி வரும். அடுத்த ஆண்டும் அதே அறிவிப்பைத் தேதி மாற்றி அனுப்ப வேண்டுமென்றால் வேர்டு கோப்பும் பத்திரமாக இருக்க வேண்டும்.

எழுத்துரு மேல் பழி போடுமுன் தாள் அளவையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் இருக்கும் நிரல் 'லெட்டர்' தாளில் திறக்கும். அதன் உயரம் 279 மில்லிமீட்டர், ஏ4 தாளுக்கு 297. அந்த 18 மில்லிமீட்டரில் இரண்டு மூன்று வரி போய்விடும். கையொப்பக் கோடு கீழே விழுவதற்கு இதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

திருத்த வேண்டும் என்றால்: கணினியோடு வந்ததை நம்புவது

பெரும்பாலோர் செய்வது இதுதான். தமிழில் தட்டுகிறோம், தமிழ் தெரிகிறது, அது என்ன எழுத்துரு என்று பார்ப்பதில்லை. விண்டோஸில் அது பெரும்பாலும் லதா அல்லது நிர்மலா. லதா விண்டோஸ் 2000-த்தோடு வந்தது. விஜயா விண்டோஸ் 7-இல் சேர்ந்தது. நிர்மலா யூஐ விண்டோஸ் 8-இலிருந்து. விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் கூடுதல் அம்சப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காத புதிய மடிக்கணினியில் அவை இரண்டும் இருக்காது. நிர்மலா மட்டும் இருக்கும். 'என்னிடமும் விண்டோஸ்தானே, அவரிடமும் விண்டோஸ்தானே, ஏன் மாறுகிறது?' என்ற கேள்விக்கு இதுவே விடை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் 'டமில் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் இரண்டும் திரும்பி வரும்.

மேக்கில் கதை வேறு. அங்கே இணைமதி, தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் ஆகிய மூன்றும் இயங்குதளத்தோடு வருகின்றன. எம்என் என்ற ஈரெழுத்து முத்து நெடுமாறனின் பெயர்ச்சுருக்கம். 1985-இல் முரசு செயலியைத் தொடங்கிய மலேசியரின் கைவண்ணம் ஒவ்வொரு ஆப்பிள் கணினியிலும் இருக்கிறது என்பதில் நமக்குப் பெருமைதான். அச்சுத் தாளில் இணைமதியின் வளைவுகள் லதாவை விட எவ்வளவோ மேல். ஆனால் பகிர்வதற்கு அந்த அழகு உதவாது: விண்டோஸில் அது கிடையாது, ஆப்பிள் உரிமத்தில் வருவதால் எடுத்து அங்கே போடவும் கூடாது. லதாவையும் நிர்மலாவையும் பென் டிரைவில் எடுத்துப்போய் உபுண்டுவில் போடுவதற்கும் அதே தடைதான். லினக்ஸில் லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வெளியீட்டுக்கு வெளியீடு மாறும்.

எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடில் தட்டிய கோப்பானால், எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் அழியாது. இயங்குதளம் தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். படிக்கலாம். ஆனால் அகலமும் வரி உயரமும் மாறிவிடும். ஆங்கில எழுத்துருக்களில் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள்: ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், கலிப்ரிக்கு கார்லிட்டோ என்று அச்சு அசலாக அதே அகலம் கொண்ட இலவச இரட்டைகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் ஒரு சொல்கூட அடுத்த வரிக்கு நகராது. லதாவுக்கு அப்படியொரு இரட்டை கிடையாது. விஜயா இன்னும் மோசம்: அதன் எழுத்துகள் அதே புள்ளி அளவில் கண்கூடாகச் சிறியவை. விஜயாவில் 14 புள்ளியில் அழகாக அமைத்த பக்கம், நிர்மலா மாற்றாக விழுந்தால் வீங்கி வழியும்.

ஆகவே கணினியோடு வந்ததை நம்புவது, உங்கள் வட்டத்தில் எல்லாரும் ஒரே விண்டோஸ் பதிப்பு வைத்திருந்தால் மட்டும் சரிப்படும். நடைமுறையில் அப்படி இருக்காது.

எல்லாரும் ஒரே இலவச எழுத்துருவை நிறுவுவது

நம் தேர்வு இது. காரணம் உரிமம். ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் வரும் எழுத்துருவை எத்தனை கணினியிலும் போடலாம், பென் டிரைவில் கொடுக்கலாம், புலனத்தில் அனுப்பலாம், கோப்புக்குள் பதிக்கலாம். தனியாக விலைக்கு விற்கத்தான் கூடாது. சங்கத்துச் செயலாளர் மாறினாலும் கணினி மாறினாலும் அதே எழுத்துரு தொடரும்.

அந்த வகையில் தமிழுக்கு நல்லவை பல இருக்கின்றன. அறிவிப்பு, கடிதம், தேர்வுத்தாள் ஆகியவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். திருவிழா மலர், ஆலய வரலாறு என்று பத்துப் பக்கத்துக்கு மேல் போகும் வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ். முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் மலாய், ஆங்கில எழுத்துகளோடு நன்றாக ஒட்டி நிற்கும். காட்டமரான் தலைப்புக்கு அழகு. அதில் மெல்லியது முதல் தடித்தது வரை ஒன்பது தடிமன் உண்டு. மெல்லிய தடிமன்களைப் போட்டோஸ்டேட் எடுக்கப்போகும் தாளில் பயன்படுத்தாதீர்கள். இரண்டாம் நகலிலேயே கோடுகள் அறுந்துவிடும்.

லோகித் தமிழ் பழைய நண்பன்தான், ஆனால் அதில் ஒரே தடிமன். தடித்த எழுத்து கேட்டால் நிரல் தானே கோட்டைத் தடிக்கவைத்துப் போலியாகக் காட்டும். ண, ஞ, ணு போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு, நகலெடுத்த தாளில் கறுப்புப் பொட்டாகிவிடும். சாய்வெழுத்தும் அப்படியே. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான சாய்வு இல்லை. நிரல் வளைத்துப் பிடித்துச் சாய்க்கிறது. வலியுறுத்த வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தை வையுங்கள், சாய்வை விட்டுவிடுங்கள்.

நிறுவும்போது தடுக்கி விழும் இடங்கள் சில. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழை இறக்கினால் ஒரு ஜிப் கோப்பு வரும். அதைப் பிரித்தால் மேலேயே ஒரு 'வேரியபிள்' கோப்பு கண்ணில் படும். அதைத் தொட வேண்டாம். ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய அந்த வகையை வேர்டு சரியாகக் கையாளுவதில்லை. திரையில் தடித்துத் தெரிந்தது பிடிஎஃப்பில் மெலிந்து வரலாம். உள்ளே 'ஸ்டேட்டிக்' என்ற கோப்புறை இருக்கும். அதில் ஏகப்பட்ட கோப்புகளில் 'ரெகுலர்', 'போல்ட்' இரண்டு மட்டும் போதும். 'கண்டென்ஸ்ட்' என்று பெயரில் வருவது ஒடுக்கமான எழுத்து, தவறி அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸில் கோப்பின் மேல் வலச்சொடுக்கு, 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்'. வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும் போய்ச் சேரும். அடுத்த ஆசிரியர் தன் கணக்கில் நுழைந்தால் இருக்காது, சில பழைய நிரல்களுக்கும் தெரியாது. எல்லாருக்கும் போட நிர்வாகி கடவுச்சொல் கேட்கும், பள்ளிக் கணினியில் அதை வைத்திருப்பவரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். மேக்கில் கோப்பை இருமுறை சொடுக்கினால் ஃபான்ட் புக் திறக்கும், இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது. உபுண்டுவில் இருமுறை சொடுக்கினால் காட்டும் சாளரத்திலேயே நிறுவும் பொத்தான் உண்டு. மூன்றிலும் நிறுவிய பிறகு வேர்டையோ லிப்ரே ஆபிஸையோ மூடித் திறக்க வேண்டும்.

இன்னொன்று நம்மூருக்கே உரியது. மும்மொழி அறிவிப்பில் மலாய் எழுத்துகளும் அதே எழுத்துருவில் வேண்டுமென்று நினைப்போம். நோட்டோ சான்ஸ் தமிழின் சில வெளியீடுகளில் தமிழ் மட்டும்தான் இருக்கும், ஆங்கில எழுத்துகளே இராது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்து வெளியீட்டில் இருக்கிறது. ஒருவர் அதையும் இன்னொருவர் லினக்ஸ் தொகுப்பில் வந்ததையும் வைத்திருந்தால் தமிழ் ஒத்துப்போகும், 'மெஷுவாராட் ஆகோங்' (பொதுக்கூட்டம்) என்ற மலாய்த் தலைப்பு மட்டும் மாறும். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து இறக்கிய ஒரே கோப்பை வைத்திருப்பது அவசியம். அந்த இரண்டு கோப்புகளையும் சங்கத்தின் புலனக் குழுவில் ஒருமுறை அனுப்பி, குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' செய்து வைத்தால் போதும்.

மலாய்ப் பகுதிக்குத் தனி எழுத்துரு வைப்பதானால் ஏரியல் பாதுகாப்பானது: விண்டோஸிலும் மேக்கிலும் இருக்கிறது, லினக்ஸில் லிபரேஷன் சான்ஸ் அதே அகலத்தில் நிற்கும். 2007 முதல் பல ஆண்டுகள் வேர்டின் இயல்பு எழுத்துருவாக இருந்த கலிப்ரியின் இடத்தில் இப்போது ஆப்டோஸ் வந்திருக்கிறது. புதிய வேர்டில் எதையும் மாற்றாமல் தட்டினால் ஆப்டோஸில்தான் விழும். போட்டோஸ்டேட் கடையின் பழைய வேர்டில் அது இருக்காது. தட்டத் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

வேர்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது அறை

எழுத்துருவை நோட்டோ என்று மாற்றியும் தமிழ் மட்டும் பழையபடியே நிற்கிறதா? அளவை 12-இலிருந்து 14 ஆக்கினால் மலாய் பெரிதாகி, தமிழ் அசையாமல் இருக்கிறதா? ஊரில் அதிகம் பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. வேர்டு ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் பல எழுத்துருக்களைக் குறித்து வைக்கிறது: ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒன்று, தமிழ், அரபு போன்ற 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' வகைக்கு இன்னொன்று. அந்த இரண்டாவதற்குத் தனி அளவும் உண்டு. மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் மாற்றுவது எப்போதும் இரண்டையும் மாற்றுவதில்லை.

எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு டி. திறக்கும் பெட்டியில் கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியில் நோட்டோவையும் அளவையும் கொடுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால், ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் வழியே தமிழைத் திருத்தும் மொழியாகச் சேர்த்து வேர்டைத் திரும்பத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பத்தியாகச் செய்வதைவிட 'நார்மல்' ஸ்டைலை மாற்றி அதற்குள் இதை அமைப்பது நல்லது. கோப்பை வாங்குபவருக்கும் அது கூடவே போகும்.

லிப்ரே ஆபிஸில் இதே விஷயம் சிடிஎல் என்ற பெயரில் இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' குறியைப் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டரின் 'பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்' பக்கத்தில் எழுத்துரு. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபிஸ் மூன்று இயங்குதளங்களிலும் எழுத்துகளை வடிவமைக்க ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதனால் விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் லிப்ரே ஆபிஸும் ஒரே எழுத்துருவும் வைத்திருக்கும் குழுவுக்குப் பக்க மாற்றத் தொல்லை மிகக் குறைவு. வேர்டு வாங்கப் பணமில்லாத ஆலயக் குழுவுக்கு இது நல்ல வழி.

வரி உயரம் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்துருக்களில் இகர ஈகார விசிறியும் உகர ஊகார வாலும் அடங்க மேலும் கீழும் இடம் விடுவார்கள்; எவ்வளவு என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். வரி இடைவெளியை 'சிங்கிள்' என்று விட்டால் அந்த வேறுபாடு பக்கம் முழுக்கச் சேர்ந்து கையொப்பத்தைத் தள்ளும். பத்தி அமைப்பில் 'எக்ஸாக்ட்லி' தேர்ந்தெடுத்து, 12 புள்ளி எழுத்துக்கு 18 அல்லது 20 புள்ளி கொடுத்தால் எந்த எழுத்துரு மாற்றாக வந்தாலும் வரிகளின் எண்ணிக்கை பெருமளவு நிலைக்கும். 14, 15 என்று இறுக்கினால் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'ழூ'வின் வால் கீழே காணாமல் போகும்.

பதித்து அனுப்புவதும், கூகுள் டாக்ஸும்

எழுத்துருவை நிறுவச் சொல்ல முடியாத இடத்துக்கு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ வேறு தோட்டத்துப் பள்ளிக்கோ, திருத்தக்கூடிய கோப்பை அனுப்ப வேண்டியிருந்தால் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கலாம். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்'. அதன் கீழே இரண்டு குறிகள் இருக்கும். 'பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி' என்ற பொருளில் வருவதைப் போடாதீர்கள். போட்டால் எதிர்முனையில் புதிதாகத் தட்டும் எழுத்து வேறு உருவில் வரும். 'காமன் சிஸ்டம் ஃபான்ட்ஸ்' பதிக்க வேண்டாம் என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். எல்லா விண்டோஸிலும் இருக்குமென்று வேர்டு தானே கருதுவதை அது விட்டுவிடும்; மேக்காரருக்கு இல்லாததும் அதுவாகவே இருக்கக்கூடும். எழுத்துரு செய்தவர் உள்ளே வைத்திருக்கும் அனுமதிக் குறியையும் வேர்டு மதிக்கும். தடை இருந்தால் பதிக்காது. லிப்ரே ஆபிஸில் ஃபைல், ப்ராப்பர்டீஸ், ஃபான்ட் பக்கம்.

இதை முதல் வழியாக நாம் பரிந்துரைக்க மாட்டோம். பழைய மேக் வேர்டு பதித்த எழுத்துருவைப் படிக்காது. கூகுள் டாக்ஸும் அதைக் கண்டுகொள்ளாது. நிறுவுவதற்கு மாற்றாக அல்ல, துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் டாக்ஸ் எப்படி? பலர் ஒரே நேரத்தில் திருத்த அதைவிட வசதி இல்லை, எல்லாரும் உலாவியிலேயே இருக்கும்வரை எழுத்துருத் தொல்லையும் இல்லை. எழுத்துருப் பட்டியலில் 'மோர் ஃபான்ட்ஸ்' திறந்து, எழுத்துமுறையைத் தமிழ் என்று மாற்றினால் காட்டமரான் முதலியவை வரும். சிக்கல் இறக்கும்போது. வேர்டு கோப்பாக இறக்கினால் எழுத்துருவின் பெயர் மட்டும் கோப்பில் இருக்கும். உங்கள் கணினியில் அது நிறுவப்படாவிட்டால் பழைய கதைதான். பிடிஎஃப்பாக இறக்கினால் தொல்லை இல்லை.

கைப்பேசியில் வேர்டு கோப்பைத் திருத்துவது பற்றி ஒரே வரி: ஆண்ட்ராய்டில் நினைத்த எழுத்துருவைப் போட எளிய வழி இல்லை, அதனால் அங்கே பக்க அமைப்பை நம்ப வேண்டாம், எழுத்துப்பிழை திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகள்: இங்கே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை

பள்ளி அலமாரியில் இருக்கும் குறுந்தட்டுகளில் 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் தட்டிய கோப்புகள் கிடக்கும். அவை யூனிகோடு அல்ல. டிஎஸ்சி என்று எழுத்துருப் பெயர் தொடங்கினால் பெரும்பாலும் திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை. டாப், டாம் என்று வந்தால் தமிழக அரசு 1999-இல் ஏற்ற குறியீட்டு முறைகள். பாமினியும் அதன் சாயலில் வந்தவையும் இன்னொரு இனம். இவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கோ வேறு குறிகளுக்கோ உரிய இடங்களில் குடியிருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நோட்டோ கொடுத்தாலும் அதே ஜே, கே, பி, ஓதான், கொஞ்சம் அழகாக.

மாற்றி நிரல் வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றில் பெரும்பாலானவற்றை யூனிகோடாக்கும். எதிலிருந்து மாற்றுகிறோம் என்பதைச் சரியாகக் கொடுக்க, முதலில் வேர்டில் எழுத்துருப் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் காட்டியும் எழுத்துரு இல்லையென்றால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' என்ற பொத்தான் இல்லாத எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டும். புதிய கோப்புகளில் எது காணாமல் போயிருக்கிறது என்று அறியவும் இதுவே குறுக்குவழி.

மாற்றும்போது மும்மொழிக் கோப்பில் ஒரு வில்லங்கம். திஸ்கியும் டாபும் இருமொழிக் குறியீடுகள்: ஆங்கில எழுத்துகளின் இடத்தை விட்டு, மேல்பாதியில் தமிழை வைத்தவை. ஆகவே 'லாடாங்' (தோட்டம்) போன்ற மலாய்ச் சொல், மாணவர் அடையாள அட்டை எண், மலாய் முகவரி எல்லாம் சேதமின்றி வரும். பாமினி ஆங்கில இடத்தையே தமிழுக்கு எடுத்துக்கொண்டது. முழுக்கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் மலாய் வரிகளெல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினிப் பத்திகளை மட்டும் வெட்டியெடுத்து மாற்றி ஒட்டுங்கள்.

மாற்றிய பின் 'ஸ்ரீ'யைத் தேடிப் பாருங்கள். தோட்டத்து ஆலய அழைப்பிதழில் ஸ்ரீ இல்லாத வரி ஏது? யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொன்று. புதிய எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும்; பழையவற்றில் ஒன்று உடைந்து தனித்தனி எழுத்தாக நிற்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அதேபோல 'கௌரவ'த்தின் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் விழுந்த 'கெளரவம்'. நன்கொடையாளர் பட்டியலில் ஒருவர் பெயர் தேடிக் கிடைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, தேடி மாற்ற வேண்டும்.

பட்டியல் என்றதும் இன்னொன்று: எக்செல் பெயர்ப் பட்டியலை சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று தனியாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திரும்பப் பெற முடியாது.

புது எழுத்துருவைக் குழுவில் பரப்புமுன் ஒரு சோதனை வரியை ஒவ்வொரு கணினியிலும் திறந்து பாருங்கள். 'ஔவை, ஸ்ரீ, க்ஷேத்திரம், ஜூன், ஹூ, கொடி, கோயில், லௌகீகம், ணை, றா, ழூ, ஃபைல்' என்று வைத்து, பக்கத்தில் ஒரு மலாய் வரியும் சில எண்களும். கட்டம் தெரிந்தால் எழுத்துருவில் அந்த எழுத்தே இல்லை. புள்ளிவட்டம் தெரிந்தால் எழுத்து வரிசை தவறு. கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றால் எழுத்துரு நல்லது, நிரல்தான் தமிழுக்குத் தயாராக இல்லை.

கடைசியாகச் சொன்னது பதாகைக் கடையில் அடிக்கடி நடக்கும். வடிவமைப்பாளர் அடோபி இல்லஸ்ட்ரேட்டரிலோ ஃபோட்டோஷாப்பிலோ உங்கள் யூனிகோடுத் தமிழை ஒட்டுவார். தெற்காசிய எழுத்துகளுக்கான 'வேர்ல்டு-ரெடி' பத்தி அமைப்பு இயக்கப்படாமலிருந்தால் கொம்புகள் இடம்மாறும். அவரும் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அப்படியே பத்தடி நீளத்தில் அச்சாகிவிடும். பதாகைக்குத் தட்டிய எழுத்தாகக் கொடுக்காமல் வடிவமாக மாற்றிக் கொடுங்கள்: இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', பிறகு பிடிஎஃப். எழுத்து கோடாகிவிட்டதால் அதற்கப்புறம் எழுத்துருவே தேவையில்லை. ஆனால் தேதியைத் திருத்தவும் முடியாது, அதனால் மாற்றுவதற்கு முந்திய நகலைத் தனியாகச் சேமித்துவிட்டு, திருவிழா நாளும் நேரமும் சரிதானா என்று இன்னொருவர் கண்ணிலும் காட்டிய பிறகு அனுப்புங்கள்.